ஏழு வருஷத்து மத்தியானம்

மூக்கூரணியில் ஊர் நின்ற வருஷம் என்று இன்றைக்கும் ஆட்கள் சொல்கிற அந்த வருஷத்துப் பங்குனி மாதத்தில், ஒர்க் ஷாப் சீனித்தாய் தன் புருஷன் பரமகுருவின் மோட்டார் சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்றி, பேரிங் மாற்றி, புது பிரேக் ஷூ போட்டு, மறுபடியும் பூட்டிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த வண்டியின் பின் பிரேக்கை மிதித்தால் வண்டியோடு சேர்ந்து ஊரும் நின்றது.

அவள் பூட்டியதில் பிழை இருந்ததா என்றால், இல்லை. சக்கரத்தைச் சட்டத்துக்குள் தூக்கிவைத்து, செயினை ஸ்ப்ராக்கெட்டில் ஏற்றி, பிரேக் தட்டை டிரம்முக்குள் பொருத்தி, ஆக்சிலைத் தட்டி உள்ளே செலுத்தி, செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்கும்படி திருகி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தையல் நூலை இழுத்துக் கட்டி நேர் பார்த்து, செயினில் இரண்டு விரல் ஆட்டமும் பெடலில் ஒரு விரல் ஆட்டமும் விட்டு, எல்லா நட்டையும் முறுக்கிவிட்டுத்தான் எழுந்தாள். நூறு வண்டிகளுக்கு அவள் செய்ததைத்தான் அந்த வண்டிக்கும் செய்தாள். நூற்றியோராவது வண்டி அப்படி ஆனது. அவ்வளவுதான்.

சீனித்தாய்க்கு அப்போது முப்பத்து மூன்று வயது. ஐ.டி.ஐ. படித்தவள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், தீப்பெட்டி செய்கிற ஆபீசுகளுக்குப் போகிற தெருவில், ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவள் ஒர்க் ஷாப் திறந்தபோது, பொம்பளை முறுக்கின நட்டு பாதி வழியில் கழன்றுவிடும் என்று ஊரே சொல்லிக்கொண்டு தள்ளி நடந்தது. பதினெட்டு நாள் ஒரு வண்டி வரவில்லை. பத்தொன்பதாம் நாள், சுவருக்கு அந்தப் பக்கம் தையல் கடை வைத்திருந்த மங்கையர்க்கரசி, ஒரு குறையும் இல்லாத தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற குரலில், "ஏட்டி, இத மொத்தமாக் கழட்டி மொத்தமாப் பூட்டு, நான் ஒக்காந்து பாக்கப் போறேன்" என்று சொல்லி, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் அந்த மொபெட்டில் ஊரை மூன்று சுற்றுச் சுற்றினாள். மறுநாள் நான்கு வண்டி வந்தது. அன்றிலிருந்து சீனித்தாய்க்கு மங்கை என்றால் உடன்பிறப்புக்கு ஒரு படி மேல்; ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டார்கள், ஒரே சீப்பால் தலை சீவினார்கள், ஒருத்தி பாதி சொன்னால் மற்றவள் மீதியைச் சொன்னாள்.

பரமகுருவுக்கு டீ தொழில். பெரிய டீ கேனை வண்டியில் கட்டிக்கொண்டு, தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ், தாலுகா ஆபீஸ் என்று காலையில் ஒரு சுற்றும் மத்தியானம் ஒரு சுற்றும் போவார். அதிகம் பேசாத மனுஷன். பூட்டிய வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு போனவருக்கு முன்னால் கடைவீதியில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, ஆடு அந்தரத்தில் நின்றது, டீக்கடை ராமானுஜத்தின் கையில் மேல் குவளைக்கும் கீழ் குவளைக்கும் நடுவில் டீ ஒரு பழுப்புக் கம்பி போல நின்றது, ஒலிபெருக்கியில் பாட்டு ஓர் எழுத்தில் நின்றது, காகம் நின்றது, காற்றில் பறந்த காகிதம் நின்றது, வெயில் நின்றது. பரமகுரு காலை எடுத்தார். ஆடு மீதி தூரத்தைத் தாண்டி ஓடியது.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது, "சீனி, பிரேக்கு கொஞ்சம் கூடுதலாப் புடிக்கிது" என்பதுதான்.

அவள் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்தாள். மிதிக்கும் நேரத்தில் வண்டியைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள் நிற்கவில்லை, மற்றவர்கள் நின்றார்கள். பெடலைப் பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டால், இறங்கி நடக்கலாம், உட்காரலாம், தூங்கலாம், டியூபை அவிழ்க்கிறவரை ஊர் அப்படியே இருக்கும். சீனித்தாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மறுபடி கழட்டிப் பாக்கட்டா?" என்று கேட்டாள். பரமகுரு, "இருக்கட்டும், பிரேக்குன்னா நிக்கத்தான செய்யணும்" என்றார்.

ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது, பழக இன்னொரு வாரம். முதலில் பரமகுரு பஞ்சாயத்துத் தலைவர் வையாபுரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். பிறகு தலைமையாசிரியர் வந்தார். பிறகு பூசாரி வந்து, கோயிலுக்குள் சாமியும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு வந்து, விளக்குச் சுடர் வெட்டி ஒட்டிய காகிதம் மாதிரி நிற்கிறது, சாமி முன்னால் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னார். ஜோசியர் மட்டும் தன் தொழிலுக்கு ஆகாது என்று சண்டை பிடித்தார். வெளியூரிலிருந்து ஒருவரும் புகார் சொல்லாததால் வெளியூரும் சேர்ந்துதான் நிற்கிறது என்று முடிவு செய்துகொண்டார்கள். கூட்டம் போட்டு, நிறுத்துவதற்கு முன்னால் மூன்று தடவை ஹாரன் அடித்துச் சொல்ல வேண்டும், சொல்லாமல் நிறுத்துவது ஊருக்குச் செய்கிற துரோகம் என்று ஒரு விதியும் எழுதினார்கள்.

அப்புறம் அந்த பிரேக் ஊருக்கு ஒரு கிணறு மாதிரி ஆகிப்போனது. கல்யாண வீட்டில் தாலியை மறந்துவிட்டு வந்தால் மூன்று ஹாரன்; ஓர் ஆள் பின்னால் உட்கார்ந்து போய் எடுத்து வந்தான், முகூர்த்தம் தப்பவில்லை. மின்கம்பத்திலிருந்து லைன்மேன் சூசை கைநழுவி விழுந்தபோது அந்த வழியாக வந்த பரமகுரு மிதித்துவிட்டார். தெருவில் கிடந்த வைக்கோலை எல்லாம் அவர் ஒற்றை ஆளாக அள்ளி வந்து சூசைக்குக் கீழே குவித்துவிட்டு டியூபை அவிழ்த்தார். சூசை எழுந்து வைக்கோலைத் தட்டிக்கொண்டு ஒரு டீ கேட்டான். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வண்டியில் ஒரு நீளமான கயிற்றைக் கட்டச் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, மூன்று ஹாரன் அடித்து ஊர் நின்றதும், புளியமரத்தடியில் விழுந்து ஆசை தீரத் தூங்கி எழுந்து, முகம் கழுவி, மேஸ்திரி கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலைக்குத் திரும்பினார்கள். சாகக் கிடந்த ஒரு பெரியவரின் கையில் கயிற்று முனையைக் கொடுத்து, இன்னொரு முனையை அவரோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்த மகளிடம் கொடுத்தார்கள். அவர்கள் பேசி முடித்து வெளியே வந்தபோது ஊருக்கு ஒரு நொடி போயிருந்தது, மகளுக்கு அழுது முகம் வீங்கியிருந்தது.

ஊரே சீனித்தாயைக் கண்டால் எழுந்து நின்றது. பொம்பளை முறுக்கின நட்டு என்று சொன்ன அதே வாய்கள், "ஒன் கைராசி, தாயி" என்றன. அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நிறுத்துகிற நேரத்துக்குத் தகுந்தபடி பிரேக் ஷூ தேய்கிறது என்பதை அவள் மட்டும் கவனித்தாள். தாலி எடுக்கிற நேரத்துக்கு முடியளவு, பெண்கள் தூங்குகிற நேரத்துக்கு நகக்கண் அளவு. ஊரைத் தாங்குகிற பாரம் எங்காவது தேயத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இந்தப் போக்கில் ஷூ ஐந்து வருஷம் வரும் என்றும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வைகாசியில் பரமகுருவின் காதோரம் நரைத்தது. ஆனியில் மீசை நரைத்தது. வெயிலில் அலைகிற உடம்பு என்றார்கள். அவர் நகம் வாரத்துக்கு மூன்று தடவை வெட்டினார். அதே ஆனியில் மங்கை ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி வாங்கினாள். ஒரு மத்தியானம் சீனித்தாய் அவளுக்குத் தலை சீவிவிடும்போது, காலையில் கறுப்பாக இருந்த வகிட்டில் விரலளவு வெள்ளை வளர்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"என்னடி, மங்கை, காலையில இது இல்லையே?"

"சாயம் போயிருக்கும்" என்றாள் மங்கை.

"நீ எப்பச் சாயம் போட்ட? எங்கிட்டச் சொல்லலையே?"

"எல்லாத்தையும் சொல்லிக்கிட்டா இருப்பாங்க" என்று சொல்லி மங்கை சீப்பை வாங்கிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் சீப்பை அப்படி வாங்கியதில்லை.

இதற்கெல்லாம் சீனித்தாய் ஒன்றும் நினைக்கவில்லை. அவள் சந்தேகப்படத் தெரியாதவள் என்பதல்ல; சத்தம் கேட்டே எந்த வண்டியில் எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவாள்; ஆனால் இரண்டு கையும் தன்னுடையதாக இருக்கும்போது ஒரு கை இன்னொரு கைக்குத் தெரியாமல் எதையாவது எடுக்கும் என்று யார் நினைப்பார்கள்.

ஆடி பிறந்து ஐந்தாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, பின்சக்கரத்தில் ஒரு கிறீச் சத்தம் கேட்கிறது என்று பரமகுரு வண்டியைக் கொண்டுவந்து விட்டார். சீனித்தாய் பிரேக் ராடைக் கழற்றி, ஆக்சிலை உருவி, சக்கரத்தை எடுத்துத் தரையில் வைத்து, டிரம்மைத் திறந்தாள். ஐந்து வருஷம் வரும் என்று நினைத்த ஷூ இரண்டும், மேல் பூச்சு ஒரு துளி இல்லாமல், வெறும் இரும்பாக இருந்தன. இரும்பு டிரம்மைச் சுரண்டிப் பள்ளம் போட்டிருந்தது. அவள் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியபடியே இருந்தாள். மூன்று ஹாரன் அடித்து ஊர் நின்ற நேரங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாம் சேர்த்தாலும் அரைக்கால் பங்கு தேய்ந்திருக்காது.

அந்த நேரம் மங்கை வழக்கம்போலச் சுவரைச் சுற்றி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பரமகுரு கேனிலிருந்து மூன்று கிளாஸில் டீ பிடித்தார். இரண்டாவது கிளாஸ் பாதி நிறையும்போது மங்கை, "எனக்குக் குருவித்தண்ணி போதும்" என்றாள். பரமகுரு உடனே குழாயை மூடினார்.

சீனித்தாய் நிமிர்ந்தாள். மங்கையின் பேச்சில் இருக்கிற எல்லா வார்த்தையும் அவளுக்குத் தெரியும். பரமகுருவின் பேச்சில் இருப்பதே கொஞ்சம், அதுவும் தெரியும். குருவித்தண்ணி என்ற வார்த்தை அந்த இரண்டிலும் இல்லாதது. அது எங்கேயோ இரண்டு பேருக்கு நடுவில், நாள்கணக்கில், யாரும் பார்க்காத இடத்தில் வளர்ந்த வார்த்தை. சொன்னவள் சொன்னபிறகுதான் தான் சொன்னதைக் கேட்டாள். ஊற்றியவர் கிளாஸைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றார். சீனித்தாய் பரமகுருவின் மீசையைப் பார்த்தாள், மங்கையின் வகிட்டைப் பார்த்தாள், கையிலிருந்த இரும்பைப் பார்த்தாள்.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டாள்.

பரமகுரு, "சீனி, நீ நெனைக்கிற மாதிரி..." என்று தொடங்கினார்.

"நான் அவகிட்டக் கேட்டேன்."

மங்கை கண்ணாடியைக் கழற்றினாள். பொய் சொல்லப் போகிறாள் என்று சீனித்தாய் நினைத்தாள், பொய் சொல்லமாட்டாளா என்றும் நினைத்தாள். மங்கை சொன்னாள்: "ஒனக்கு மூணு மாசம். எங்களுக்கு ஏழு வருசம்."

தெருவில் ஒரு லாரி போனது.

பிறகு மங்கை எல்லாவற்றையும் சொன்னாள், நிறுத்தத் தெரியாதவள் போல. ஒரு மத்தியானம் வெயிலில் நடந்து வந்தவளை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டாராம். ஏதோ குறுக்கே வந்து பிரேக்கை மிதித்தாராம். ஊர் நின்றதாம். அந்த அமைதியில் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்களாம். முதல் வருஷம் பேச்சு மட்டும்தானாம். அந்த முதல் மத்தியானத்துக்கு மறுநாளிலிருந்து தினமும் மத்தியானச் சுற்றில் ஹாரன் அடிக்காமல் மிதித்து டியூபைக் கட்டிவிட்டு, கண்மாய்க்கரையில் இருந்த பழைய பயணியர் பங்களாவில் ஒரு மாதம் இருப்பார்களாம். மனுஷச் சத்தம் கேட்க வேண்டும் என்று ஏங்கும்போது வந்து அவிழ்ப்பார்களாம்.

"நான் எங்க இருந்தேன்?" என்றாள் சீனித்தாய்.

"இங்கதான். ஸ்பேனரப் புடிச்சமானிக்குக் குனிஞ்சிருப்ப. நான் தினமும் வந்து ஒன்னியப் பாத்திட்டுத்தான் போவேன், ஏட்டி. நெத்தியில வேர்வை விழாம நிக்கும். தொடச்சிவிடுவேன்."

சீனித்தாய்க்கு ஞாபகம் வந்தது. வைகாசி முழுவதும் மத்தியான வேளைகளில் நெற்றி திடீரென்று காய்ந்துபோகும்; காற்று வீசியது என்று நினைத்திருந்தாள். திருடினார்கள் என்பது ஒரு மாதிரி. திருடிய கையால் வியர்வையைத் துடைத்தார்கள் என்பது வேறு மாதிரி.

"எந்திரிச்சுப் போங்க, ரெண்டு பேரும்" என்றாள். அவர்கள் வாசல்வரைக்கும் போய் அங்கேயே நின்றார்கள்.

அதற்குள் தெருவில் ஆள் கூடிவிட்டது. வண்டி பின்சக்கரம் இல்லாமல் கட்டையில் நிற்பதைப் பார்த்து யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, தலைவர் வையாபுரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். டீக்கடை ராமானுஜம் வந்தார், பூசாரி வந்தார், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேலையை விட்டு வந்தார்கள்.

"இனி இந்த பிரேக்கு இருக்காது. வண்டிய மட்டும் நிறுத்துற மாதிரி பூட்டப் போறேன்" என்றாள் சீனித்தாய்.

"அவசரப்படாத, தாயி" என்றார் வையாபுரி. "ஆவணியில எம் மக கல்யாணம். எத்தனை பேருக்கு வாக்குக் குடுத்திருக்கோம். ஒன் வீட்டு விசயத்துக்காக ஊருக்கு உள்ளத எடுத்துறலாமா?"

அவள் அவரையே பார்த்தாள். "என் வீட்டு விசயம்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தது. கடைசியில் தபால்காரர் குருபாதம் முன்னால் வந்தார்; ஒரு மத்தியானம் அந்த வண்டியின் பின்னால் இழுபட்டு வந்த கயிற்று நுனி தன் செருப்புக்கு அடியில் மாட்டியதாகவும், ஊரெல்லாம் நிற்கத் தான் மட்டும் நிற்காமல் இருந்ததாகவும், இரண்டு பேரும் கைகோர்த்துக் கண்மாய்ப் பக்கம் நடந்துபோனதைப் பார்த்ததாகவும் சொன்னார்.

"யாருட்டச் சொன்னீங்க?"

"தலைவர்ட்ட."

"அப்பறம்?"

ராமானுஜம்தான் பதில் சொன்னார். "எல்லாருக்கும் தெரியும்மா. ஒரு மாசமாத் தெரியும். ஒங்கிட்டச் சொன்னா நீ கழட்டிருவ."

தீப்பெட்டி ஆபீஸ் பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அவளும் தெரிந்தே ஒரு மாதமாகக் கயிற்றைப் பிடித்துத் தூங்கியவள்தான்.

சீனித்தாய் தேய்ந்த ஷூவைத் தரையில் வைத்தாள். பிறகு, "சரி. போட்டுத்தாரேன்" என்றாள். கூட்டம் மூச்சு விட்டது.

புது ஷூவை எடுத்துத் தட்டில் ஏற்றி, ஸ்பிரிங்கை இழுத்து மாட்டினாள். டிரம்மின் பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்து நிரவினாள். சக்கரத்தைத் தூக்கி உள்ளே வைத்து, செயினை ஏற்றி, ஆக்சிலைச் செலுத்தி, பங்குனியில் எந்தக் கோட்டில் நிறுத்தினாளோ அதே கோட்டில் அட்ஜஸ்டர்களை நிறுத்தி, அதே இரண்டு விரல் ஆட்டம், அதே ஒரு விரல் ஆட்டம் விட்டு, நட்டுகளை முறுக்கினாள். பூட்டுகிற நேரம் முழுவதும் ஊர் அவள் கையைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றது. முடித்ததும் எழுந்து, பழைய டியூப் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஓட்டிப் பாக்கணும். யாரும் வண்டியத் தொடாம தள்ளி நில்லுங்க."

பரமகுரு ஓர் அடி எடுத்துவைத்தார். "சீனி, நான் சொல்றத ஒரு..."

அவள் வண்டியைக் கிளப்பி, பத்தடி ஓட்டி, ஹாரன் அடிக்காமல், பிரேக்கை மிதித்தாள்.

ஊர் நின்றது. அவள் பெடலைக் கட்டினாள். இறங்கி வந்தாள்.

முதலில் அவள் திட்டினாள். பரமகுருவின் திறந்த வாய்க்கு முன்னால் நின்று தொண்டை கட்டுகிறவரை திட்டினாள். தூங்கி எழுந்து வந்து வையாபுரியைத் திட்டினாள். இன்னொரு தூக்கம் தூங்கி எழுந்து ராமானுஜத்தை, குருபாதத்தை, பூசாரியை, ஒவ்வொரு பெண்ணையும் பேர் சொல்லித் திட்டினாள். மங்கையைத் திட்டப் போனபோது மட்டும் வார்த்தை வரவில்லை. திட்டுகிற வார்த்தைகளை எல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே பழகியிருந்தார்கள். அவளை விட்டுவிட்டு நகர்ந்தாள். ஒரு தூக்கத்தில் மனசு மாறி, சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்ப் பயணியர் பங்களாவின் கதவை உடைத்தாள். உள்ளே இரண்டு தலையணையும், மங்கையின் கைத்தையல் போட்ட திரைச்சீலையும், கூரையடியில் இருந்து தரைவரை சுவர் முழுக்கக் கரியால் கிழித்த கோடுகளும் இருந்தன. அந்தக் கோடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அசையாத ஊரில் அழுகைக்கு அவசரம் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை, நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை, அடுப்பில் எதுவும் கருகவில்லை. ஆகவே அவள் எவ்வளவு அழ வேண்டுமோ அவ்வளவும் அழுதாள், ஒரு துளியும் மிச்சம் வைக்காமல்.

சூரியன் உச்சியிலேயே நின்றதால் நாளை அவள் தூக்கத்தால் எண்ணினாள். பசிக்கும்போது வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பானையிலும் ஒரு பிடி சோறு எடுத்தாள். ஆவி அப்படியே நின்ற சோறு, எத்தனை தூக்கத்துக்குப் பிறகும் சூடு ஆறாமல் இருந்தது. குழாய்த் தண்ணீர் வராது, குடத்துத் தண்ணீர் வந்தது. ஐம்பது தூக்கத்துக்குப் பிறகு கோபம் பழைய பாட்டு மாதிரி வார்த்தை மறந்து ராகம் மட்டும் இருந்தது. நூறுக்குப் பிறகு ராகமும் போனது. நூற்றைம்பதுக்குப் பிறகு அவள் பரமகுருவின் முகத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்த மனுஷனிடம் தனக்கு என்ன பிடித்திருந்தது என்று யோசித்தாள். பேசாமல் இருந்தது பிடித்திருந்தது. இப்போது ஊரே பேசாமல் இருந்தது, அவருக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. இருநூறாவது தூக்கத்திலிருந்து எழுந்தபோது, தன் குரலைக் கேட்டே பல நாள் ஆகிவிட்டது என்று உணர்ந்தாள். மன்னித்தாளா என்றால் இல்லை. மன்னிப்பதற்கு அங்கே ஆள் மிச்சமில்லை. எழுந்து போய் டியூபை அவிழ்த்தாள்.

"...நிமிசம் கேளு" என்று பரமகுரு வாக்கியத்தை முடித்தார்.

பிறகுதான் அவளைப் பார்த்தார். ஊரும் பார்த்தது. பத்தடி தள்ளி வண்டியில் ஏறிய பெண்ணுக்கும் இப்போது வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கும் ஒரே முகம்தான் என்றாலும், இவளுக்கு முடி நான்கு விரல் நீண்டு இடுப்பை எட்டியிருந்தது, முன்நெற்றியில் வெள்ளை ஓடியிருந்தது, சேலை வேறு சேலை. என்ன நடந்தது என்று மூக்கூரணிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை நாளு, தாயி?" என்று வையாபுரி கேட்டார். பேச்சு அவள் வாய்க்குத் திரும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வண்டியை ஒர்க் ஷாப்புக்குள் தள்ளி, கட்டையில் ஏற்றி, எல்லாரும் பார்த்திருக்க, ஆக்சில் நட்டைத் தளர்த்தி, வலப்பக்க அட்ஜஸ்டரை ஒரு கோடு பின்னால் வாங்கி, இடப்பக்கத்தையும் அதே அளவு வாங்கி, பிரேக் ராடின் நட்டை இரண்டு சுற்றுத் திருப்பினாள். யாரும் தடுக்கவில்லை. சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, பெடலை அழுத்தினாள். சக்கரம் நின்றது. தெருவில் சைக்கிள் மணி அடித்தது, ஆடு கத்தியது, ராமானுஜத்தின் கடையில் பால் பொங்கி வழிந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பிப் போனார்கள்.

பரமகுரு அவள் காலடியில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிரு, சீனி" என்றார். அவருக்கு, விஷயம் வெளியானது அரைமணி நேரத்துக்கு முன்னால்தான். சீனித்தாய் குனிந்து, பஸ்ஸில் எப்போதோ பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஆளை அடையாளம் காணுகிற மாதிரி அவரைப் பார்த்து, "எந்திரிங்க, வெயில்ல ஒக்காராதீங்க" என்றாள். அதில் கோபம் இல்லை என்பதைப் புரிந்துகொண்டதும் அவர் அழத் தொடங்கினார். வண்டிச் சாவியை அவர் கையில் வைத்தாள். அவர் போனார், டீ கேனைக்கூட எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தபிறகும் மங்கை சுவரோரம் நின்றிருந்தாள். அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. சீனித்தாய் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். வெகுநேரம் கழித்து மங்கை மெதுவாகக் கேட்டாள்:

"தனியாவா இருந்த, சீனி? அத்தனை நாளும்?"

சீனித்தாயின் கை நின்றது. இருநூறு தூக்கம் அவள் பார்த்தவை எல்லாம் நெஞ்சு வரைக்கும் ஏறி வந்தன. இறங்காமல் நிற்கிற காகத்தின் அடிவயிறு எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது, சோற்றின் ஆவியைக் கையால் ஒதுக்கினால் அது ஒதுங்கியபடியே நிற்பது, சத்தமே இல்லாத இடத்தில் தன் நெஞ்சு அடிப்பது அடுத்த வீட்டில் யாரோ உரல் இடிப்பது போலக் கேட்பது. சொல்ல எவ்வளவோ இருந்தது. சொன்னால் புரிந்துகொள்ள இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். அத்தனையும் வரப் பார்த்தது.

"ஆமா" என்றாள்.

பிறகு ஷட்டரை இழுத்து இறக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிறதா என்று, தன்னை மீறிக் காது கொடுத்துக் கேட்டபடி, உள்ளே இருட்டில் நின்றாள். அது ஓடவில்லை.